ஊருக்குச் சொன்னோம், பிள்ளைக்குச் சொன்னோமா?

நம் வீடுகளில் பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் அதை யாரும் மறைப்பதில்லை. முதல் தகவல் தாய்மாமனுக்குப் போகும். ஓர் அறையை ஒதுக்கிப் பிள்ளையை அங்கே உட்கார வைப்பார்கள். அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று ஆளுக்கொரு நாள் உளுந்தங்களி கிண்டிக் கொண்டுவருவார்கள். காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். பிறகு நாள் பார்த்து, மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்து, மாமன் சீர் வர, சடங்கு நடக்கும். கூலாயிலும் மாசாயிலும் வார இறுதிகளில் கல்யாணத்துக்குக் குறையாத செலவில் நடந்த சடங்குகளைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் முடிந்த பிறகு அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, "உன் உடம்புல என்ன நடந்துச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களாமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஜொகூரில் சமூகத் தாதியாக வேலை பார்த்த காலம் முழுக்க நான் கேட்டிருக்கிறேன். லயத்து வீடுகளில், அடுக்குமாடிகளில், பள்ளி நூலகத்து மூலைகளில். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைத்திருந்த போதனை மூன்றே வரி: பையன்களோடு விளையாடாதே, கோயிலுக்குப் போகக் கூடாத நாளைக் கணக்கு வைத்துக்கொள், இருட்டியதும் வெளியே போகாதே. ரத்தம் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, இனி உன் உடம்பு கருத்தரிக்கக்கூடியது என்றால் என்ன பொருள், தகாத இடத்தில் ஒருவன் கை வைத்தால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், இவற்றில் ஒன்றும் அதில் கிடையாது.

குளுவாங் வட்டாரத்தில் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு கிளினிக் டேசாவில் என் வேலை தொடங்கியது. 1980களின் பிற்பகுதி. தோட்டத்து மக்கள் எங்களை 'மிஸ்ஸி' என்பார்கள். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிரசவம் ஆனவளை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, குழந்தைக்கு எடை போட்டு ஊசி போடுவது, இவைதான் அன்றாடம். கொஞ்ச நாளில் ஒன்று என் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடம் போகும் வயது வரை பிள்ளை எங்களிடம் வரும். பிறகு கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளையோடு வரும். இடையில் உள்ள பத்துப் பன்னிரண்டு வருடம், உடம்பும் மனசும் தலைகீழாக மாறும் வருடங்கள், கிளினிக் வாசலை அது மிதிப்பதே இல்லை. பள்ளிச் சுகாதாரக் குழு வந்தால் பல்லைப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள், போய்விடுவார்கள். 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. நம் நாட்டில் அவர்களுக்கென்று தேசிய வளரிளம் பருவத்தினர் சுகாதாரக் கொள்கை வந்தது 2001இல். அதற்குப் பிறகுதான் 'ரெமாஜா' என்ற சொல் எங்கள் கிளினிக் அறிக்கைகளில் தனித் தலைப்பாக இடம்பிடித்தது.

பள்ளிகளில் பேசப் போகும்போது ஒரு மைலோ டின்னைக் கொண்டுபோவேன். மூடியில் ஓட்டை போட்டு, பெயர் எழுதாமல் கேள்வியை எழுதிப் போடச் சொல்வேன். வாய் திறக்காத பிள்ளைகள் எழுதுவார்கள். "தீட்டு நேரத்தில் தலைக்குக் குளித்தால் ரத்தம் தலைக்கு ஏறுமா?" "பையன் உட்கார்ந்த இடத்தில் உடனே உட்கார்ந்தால் கர்ப்பம் ஆகுமா?" "ரெண்டு மாசமா வரல, நான் ஒரு தப்பும் செய்யல, சாமி குத்தமா?" "எனக்கு வலது பக்கம் மட்டும் பெரிசா இருக்கு, கேன்சரா?" ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் சில மாதத் தூக்கம் போயிருக்கிறது என்பதைப் படிக்கும்போதே உணரலாம்.

இவற்றுக்கெல்லாம் விடை எளியது. சொல்ல ஆள்தான் இல்லை. மார்பு ஒரு பக்கம் முந்தி வளர்வது இயல்பு. மாதவிடாய் தொடங்கிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நாள் தள்ளிப்போவதும் இயல்பே. மூளையில் இருந்து சினைப்பைக்குப் போக வேண்டிய சுரப்புகளின் கட்டளை இன்னும் சீராகவில்லை. பல மாதங்களில் கருமுட்டை வெளிவருவதே இல்லை. "புதுசா மோட்டார் ஓட்டப் பழகுறவன் மாதிரிமா உன் உடம்பு. ஒரு நாள் ஓடும், ஒரு நாள் நின்னுடும், பழகப் பழகச் சரியாயிடும்" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், முகம் தெளியும். 21 நாளுக்கு ஒரு முறையும் வரலாம், 45 நாளுக்கு ஒரு முறையும் வரலாம். ஏழு நாளுக்கு மேல் ஓயாமல் போனாலோ, ஒரு மணி இரண்டு மணிக்குள் பேட் நனைந்துபோனாலோ, 15 வயது முடிந்தும் வயதுக்கு வரவில்லை என்றாலோ கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும். இதோடு இன்னொன்றையும் அழுத்திச் சொல்வேன்: சீராக வரவில்லை என்பதால் கருத்தரிக்காது என்று பொருளில்லை. முதல் மாதவிடாய்க்கு முன்பேகூடக் கருமுட்டை வெளிவர முடியும்.

வலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "பொம்பளப் பொறப்புன்னா அப்படித்தான், பொறுத்துக்க" என்று தாய்மார் சொல்வதைக் கேட்டு எனக்கு மனசு வெந்திருக்கிறது. கர்ப்பப்பையின் உள்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிவதால் வலி வருகிறது. அதைக் கட்டுப்படுத்தும் மாத்திரை இருக்கிறது. நம் நாட்டில் 'பொன்ஸ்டான்' என்றால் எல்லாருக்கும் தெரியும். வெறும் வயிற்றில் போடாமல், சாப்பிட்ட பிறகு, கிளினிக்கில் கேட்டுப் போட வேண்டும். வெந்நீர்ப் பையும் உதவும். மாத்திரைக்கும் அடங்காமல் மாதா மாதம் பள்ளிக்கு மட்டம் போட வைக்கும் வலி என்றால் அது நோயாக இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும். பேட் வாங்கக் காசில்லாமல் மட்டம் போட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வசதி குறைந்த 130,000 பெண்பிள்ளைகளுக்கு மாதந்தோறும் இலவசமாகக் கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்தபோது எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

ரத்தசோகை இன்னொரு பெரும் குறை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். "பிள்ள சோம்பேறி மிஸ்ஸி, எந்நேரமும் படுத்தே கெடக்கு" என்பார் அம்மா. இரும்புச்சத்து மாத்திரை கொடுப்போம். அதை விழுங்கிய கையோடு தே தாரிக் குடிப்பார்கள். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. வெள்ளைப்படுதல் என்றாலோ குடும்பமே கலங்கும்: "உடம்பு உருகுது மிஸ்ஸி." ஒன்றும் உருகவில்லை. அரிப்பும் நாற்றமும் இல்லாமல் தெளிவாகவோ வெள்ளையாகவோ படுவது இந்த வயதில் இயற்கை. அரிப்பு, தயிர்போலத் திரிவது, துர்நாற்றம், இவை இருந்தால் மருந்து இருக்கிறது.

2010இல் எச்பிவி தடுப்பூசி பள்ளிகளுக்கு வந்தது, 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு, இலவசமாக. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான கிருமியைத் தடுக்கும் ஊசி. முதலில் மூன்று முறை போட்டார்கள், பிறகு இரண்டாகக் குறைந்தது. மலாயில் அச்சடித்த சம்மதத் தாள் வீட்டுக்குப் போகும். "பிள்ளை பொறக்காம பண்ற ஊசியாமே மிஸ்ஸி?" என்று வாட்சாப்பில் வந்ததைக் காட்டிக் கேட்ட தாய்மார் உண்டு. அவர்களைக் கடிந்து பயனில்லை. உட்கார வைத்து, கருப்பைப் படத்தைக் காட்டி, கிருமி எங்கே போய் ஒட்டுகிறது, அது புற்றாக மாற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று சொன்னால் கையெழுத்துப் போடுவார்கள். போடும்போதே, "எங்களுக்கும் சோதன இருக்கா?" என்று கேட்டவர்களும் உண்டு. மகள் வழியாகத் தாய்க்கும் படிப்பு போய்ச் சேர்ந்தது.

இனி, சொல்ல மனம் கனக்கும் ஒன்று. அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

நான் ஜொகூர் பாரு பக்கம் மாற்றலாகி வந்த பிறகு நடந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை, வயிற்றுவலி என்று அம்மா கூட்டிவந்தார். காற்றாக இருக்கும் என்றார். அம்மாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலரைக்கே, நெரிசலுக்கு முன், பாலத்தைக் கடக்க வேண்டும். வீடு திரும்ப இரவு ஒன்பது. படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தேன். ஐந்து மாதத்துக்குக் குறையாது. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. "எனக்கு எப்பவும் ரெண்டு மூணு மாசம் தள்ளித்தான் வரும் ஆன்ட்டி. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்" என்றாள். அவளுக்குச் சடங்கு செய்திருக்கிறார்கள். ஆல்பம் வீட்டில் இருக்கிறது.

பையனுக்குப் பத்தொன்பது வயது. அம்மா அழுது ஓய்ந்து முதலில் சொன்னது, "கல்யாணம் பண்ணி வச்சிடறோம் மிஸ்ஸி, வெளிய தெரிய வேணாம்." நம் சமூகத்தில் இன்னும் பலர் இதை ஒரு வழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் தெளிவாகச் சொல்கிறேன். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி குறைந்த வயது 18. பெண்ணுக்கு 16 ஆகியிருந்தால் மந்திரி பெசாரின் சிறப்பு அனுமதி கேட்கலாம். 16க்குக் கீழே வழியே இல்லை. தண்டனைச் சட்டம் 375ஆம் பிரிவின்படி 16 வயதுக்கு உட்பட்ட பெண் சம்மதித்தாலும் அது பாலியல் வல்லுறவுதான். அவன் நல்ல பையனா, காதலா என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

மறைக்கவும் எங்களுக்கு அதிகாரம் இல்லை. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 27ஆம் பிரிவு டாக்டர்களைப் புகார் செய்யச் சொல்கிறது. 2017இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம் ஒரு படி மேலே போய், குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருக்கும் எவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் என்கிறது. எவருக்கும் என்றால் அத்தைக்கும் பாட்டிக்கும் ஆசிரியருக்கும் சேர்த்துத்தான். அதனால் பிள்ளைகளிடம் பேசத் தொடங்கும் முன்பே நான் சொல்லிவிடுவேன்: "நீ சொல்றதுல நெறைய விஷயத்த என்கிட்டயே வச்சுக்குவேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா நான் டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். அத உன்கிட்ட சொல்லாம செய்ய மாட்டேன்." இதைக் கேட்டு எழுந்து போன பிள்ளைகள் மிகக் குறைவு. ஏமாற்றாமல் பேசும் பெரியவர் ஒருவர் கிடைத்ததே அவர்களுக்குப் போதும்.

மருத்துவமனைகளில் ஒரே இடத்தில் சிகிச்சை, போலீஸ், சமூகநல இலாகா எல்லாம் வந்து பார்க்கும் ஓஎஸ்சிசி பிரிவு இருக்கிறது. 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு இது. வல்லுறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் அங்கே போனால் தடயமும் எடுக்கலாம், எச்ஐவி தடுப்பு மருந்தும் தொடங்கலாம். குளிக்காமல், உடை மாற்றாமல் போக வேண்டும். இந்தச் செய்தி நம் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளை விஷயத்தில் அந்த நேரமெல்லாம் எப்போதோ கடந்துபோயிருந்தது. அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, இந்த வயதுக் கர்ப்பத்தில் அடிக்கடி பார்ப்பது. ரத்தசோகையும் இருந்தது. நாள் நிறையும் முன்பே எடை குறைந்த குழந்தை பிறந்தது. குழந்தையும் தாயும் பிழைத்தார்கள். அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. வேறு மாநிலத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குப்பைத்தொட்டியில், கழிப்பறையில், கோயில் படியில் சிசு கிடந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் ஊர் அந்தத் தாயைத் திட்டுகிறது. பெட்டாலிங் ஜெயாவில் 2010இல் ஆர்ஃபன்கேர் அமைப்பு, பெற்றவள் பிள்ளையைப் பத்திரமாக விட்டுச் செல்லக்கூடிய குழந்தைக் காப்புத் தொட்டிலைத் திறந்தது. ஜொகூர் பாருவிலும் அப்படி ஒன்று இருக்கிறது. தனியே பெற்று, தனியே துடைத்து, தனியே தூக்கிக்கொண்டு நடக்கும் பதினாறு வயதுக்காரிக்கு அந்தத் தொட்டில் இருப்பது தெரிய வேண்டாமா? கர்ப்பம் என்பதையே அறியாதவளுக்கு எப்படித் தெரியும்?

"இதெல்லாம் சொல்லிக்கொடுத்தா பிள்ளைங்க கெட்டுப்போயிடும்" என்று ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்ன ஒருவரின் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். ஆனால் யுனெஸ்கோ பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தக் கல்வி பிள்ளைகளை உடலுறவுக்கு முந்தத் தூண்டுவதில்லை, சில இடங்களில் தள்ளிப்போடவே வைக்கிறது என்கிறது. சொல்லிக்கொடுக்காமல் விட்டதன் பலனும் கண்முன்னே இருக்கிறது. சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளி மாணவரிடம் நடத்திய தேசிய ஆய்வில் உடலுறவு அனுபவம் உண்டு என்றவர்கள் 2017இல் நூற்றுக்கு 7.3 பேர், 2022இல் 7.6 பேர். நாம் பேசாமல் இருந்தது யாரையும் காப்பாற்றவில்லை.

பாடத்திட்டத்தில் இது இல்லாமலும் இல்லை. 1989 முதலே இடைநிலைப்பள்ளியில் குடும்ப சுகாதாரக் கல்வி இருக்கிறது. 2009இல் அமைச்சரவை இனப்பெருக்க சுகாதாரக் கல்விக்கென்று தேசியக் கொள்கையையே ஏற்றது. 2011இல் இருந்து தொடக்கப்பள்ளி நலக்கல்விப் பாடத்துக்குள் இது வந்தது. தாளில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. வகுப்பில் என்ன நடக்கிறது? அந்த அத்தியாயம் வந்ததும், "வீட்ல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். தேர்வு நெருங்கினால் அந்த நேரமே கணிதத்துக்குப் போய்விடுகிறது. யூபிஎஸ்ஆர் 2021இல் ஒழிந்த பிறகும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. இந்தப் பாடத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. பயிற்சி கிடைத்த ஆசிரியை ஒருவர் கூச்சமில்லாமல் 'கர்ப்பப்பை' என்று கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

பையன்களை நாம் கைவிட்டே விட்டோம். அவர்களுக்குச் சடங்கும் இல்லை, பேச்சும் இல்லை. தூக்கத்தில் விந்து வெளிப்பட்டால் ஆண்மை போய்விட்டது என்று நடுங்கி, மூலிகை விளம்பரத்தை நம்பி, சீனப் புத்தாண்டு அங்பாவ் காசையெல்லாம் லேகியத்தில் போட்டவனை எனக்குத் தெரியும். மீதியைக் கைப்பேசி கற்றுக்கொடுக்கிறது. அது கற்றுக்கொடுக்கும் பாடத்தில் பெண்ணின் சம்மதம் என்று ஒன்று கிடையாது. கேட்டுத் தெளிய வீட்டில் ஆளும் இல்லை. அப்பா அம்மா இருவருக்கும் அக்கரையில் வேலை; ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்த 2014 முதல் 2024 வரை, சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்குப் பிள்ளைகளோடு சேர்ந்திருக்க முழுதாகக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். தோட்டத்தில் இருந்தவரை ஆயாக் கொட்டகையும் லயத்துப் பாட்டிகளும் இருந்தார்கள். செம்பனைக்கும் வீட்டமைப்புக்கும் தோட்டங்கள் போன பிறகு, பத்தாவது மாடிக் கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளை தனியே இருக்கிறது.

எனக்குப் பலித்த ஒரு வழியைச் சொல்கிறேன். பிள்ளையை ஒதுக்கி வைத்திருக்கும் அந்த நாட்களில், வீட்டார் சம்மதித்தால், போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவேன். பிள்ளைக்கு வேறு வேலை இல்லை, பள்ளியும் இல்லை, சுற்றி நாலு பெண்கள் இருக்கிறார்கள். சடங்கு வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அதில் பிள்ளை மீதுள்ள பாசம் இருக்கிறது. பாட்டியைத்தான் முதலில் பேசவிடுவேன். தன் காலத்தில் பழந்துணியை மடித்து வைத்துப் பால்மரம் சீவப் போனதை அவர் சொல்வார். பிறகு நான் படத்தை விரிப்பேன். பாதிப் பேச்சில் அத்தைமார்களே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

தாய்மார்களே, எட்டு ஒன்பது வயதிலேயே பேசத் தொடங்குங்கள். வயதுக்கு வந்த பிறகு என்றால் பிள்ளை பயந்து அழுத பிறகு என்று பொருள். அப்பாக்கள் மகன்களிடம் பேசுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு நலக்கல்வியில் அந்த அத்தியாயம் நடந்ததா? நடக்கவில்லை என்றால் அருகிலுள்ள கிளினிக்குக் கடிதம் எழுதி ஒரு தாதியை அனுப்பச் சொல்லுங்கள். யாராவது தகாதபடி தொட்டான் என்று பிள்ளை சொன்னால், தொட்டவன் சொந்தக்காரனாகவே இருந்தாலும், முதலில் பிள்ளையை நம்புங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு மகளிர் அமைச்சின் தாலியான் காசே எண் 15999. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.